உன்னிச்சைக்கு எத்தனை எழுத்து?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவைத் தாண்டி ஆயித்தியமலை வழியாகப் போனால் உன்னிச்சைக் குளம் வரும். எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது படுவான்கரையின் பெருங்குளங்களில் ஒன்று. மட்டக்களப்பு நகரத்தவருக்கு அது குழாயில் வரும் குடிநீர். வயற்காரருக்கு அது போகத்தின் உயிர். எனக்கோ கடந்த ஆண்டு அது ஒரு கணக்குப் பிரச்சினையாக வந்து சேர்ந்தது. 'உன்னிச்சை' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன?

தொல்காப்பியம் படித்தவரைக் கேட்டால் ஐந்து என்பார்: உ, ன், னி, ச், சை. பழைய அச்சுக்கூடத்து அச்சுக்கோப்பாளரைக் கேட்டிருந்தால் ஆறு என்றிருப்பார். 'சை' என்பதற்கு அவர் இரண்டு ஈய அச்சுகளை எடுத்து அடுக்க வேண்டும்: முதலில் ஐகாரக் குறி, பிறகு சகரம். கணினியைக் கேட்டால் ஒன்பது என்கிறது. ஐந்து, ஆறு, ஒன்பது ஆகிய மூன்று கணக்கிலும் சோறு உண்டவன் நான். ஆகவே இந்த வேறுபாட்டின் வரலாற்றை எழுதும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். அந்த வரலாற்றின் ஓரத்தில், முகம் தெரியாத பலர் எழுதிச் சேர்த்த சிறு சிறு கணினி ஆணைகளின் கதையும் இருக்கிறது.

சங்கதி தொடங்கியது இப்படி. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது நான் நாளுக்கு இரண்டு, மூன்று செய்திகள் எழுதினேன். குளங்கள் வான்பாய்ந்தமை, வீதிகள் துண்டிக்கப்பட்டமை, பாடசாலைகளில் தங்கியிருந்த குடும்பங்கள், அழிந்த வயல்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. அச்செய்திகளின் கணினிக் கோப்புகளை ஓர் இறுவட்டில் பதிந்து வைத்திருந்தேன். படுவான்கரைக் குளங்களைப் பற்றி ஒரு தொடர் எழுதும் எண்ணத்தில் அண்மையில் அவற்றைக் கணினியில் ஏற்றி, 'உன்னிச்சை' என்று தட்டித் தேடினேன். அப்படியொரு சொல்லே இல்லை என்றது கணினி.

நான் எழுதியவை பொய்யா என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். கணினிக் கல்வி பயிலும் என் மருமகன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, கோப்பு எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா கணினிக்கு இது தமிழ் எண்டு தெரியாது."

அவன் சொன்னது முற்றிலும் சரி. அக்கோப்புகள் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. ஈழத்துப் பத்திரிகைகளும் கந்தோர்களும் பல்லாண்டுக் காலம் தமிழ் எழுதியது பாமினியில்தான். அதன் உத்தி எளியது. கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கென்று இருக்கும் இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்துவிடுவது. திரையில் உகரம் தெரியும். கோப்பின் உள்ளே கிடப்பது ஆங்கிலத்தின் ஒரு சிற்றெழுத்து. மெய்யின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவை நீக்கிவிட்டால் உன்னிச்சைக் குளமும் அதன் வான்கதவுகளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். என் பதினைந்து ஆண்டுச் செய்திகள் அந்த நிலையில்தான் கிடந்தன.

நிலைமை ஏன் இப்படி ஆயிற்று என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது ஈய அச்சுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆயினும் தலைப்புக்கு எழுத்தெண்ணும் பழக்கத்தை மூத்த உதவி ஆசிரியர்களிடம்தான் கற்றேன். இரண்டு பத்தித் தலைப்பென்றால் இத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணுவார்கள். அவர்கள் புள்ளியைத் தனியே எண்ணுவதில்லை. எண்ணியது இலக்கணத்தின்படி, அடுக்கியது அச்சின்படி. இரண்டுக்கும் இடையே சிறு வேறுபாடுதான். அதனால் தொல்லை இல்லை.

எழுத்தைத் தட்டுகளாக உடைத்தது தட்டச்சுப்பொறி. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலாது. தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா, 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் சென்று வாழ்ந்தவர். அவர் கண்ட வழி நகராவிசை. சில குறிகளைத் தட்டும்போது பொறியின் உருளை நகராது நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அந்தக் குறியோடு சேர்ந்து ஒரே இடத்தில் பதியும். 'ன்' என்பது பார்வைக்கு ஓர் எழுத்து, விரலுக்கு இரண்டு தட்டு. அன்று தொடங்கி, தமிழைப் பொறிக்குள் புகுத்திய எவரும் இந்த உடைப்பிலிருந்து தப்பவில்லை. ஐந்து எழுத்து ஒன்பது தட்டாகியது இந்த வழியில்தான்.

1980களில் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. 1984-இல் கனடாவில் முனைவர் கே. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் அளித்த மயிலை எழுத்துரு என்று ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து உழைத்தார்கள். உழைப்புப் பெரிது, ஆனால் குறியாக்கம் ஒன்றல்ல. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியவில்லை. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இணையக் குழுக்களில் விவாதித்து உருவான தகுதரம் என்ற திஸ்கி குறியாக்கமும் பரவிற்று. ஆனால் எங்கள் பத்திரிகைக் கந்தோர்களில் பாமினி அசையவில்லை. பழகிய விரல்கள் மாற மறுத்தன.

இதற்கிடையில் 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளியாகி, உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி வீடு கொடுத்தது. தமிழுக்குக் கொடுத்த வீடு இந்தியாவின் இஸ்கி தரத்தை ஒட்டிக் கட்டியது. அதில் உயிர்மெய்க்குத் தனி அறை கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஓர் அறை, உயிர்க்குறிக்கு ஓர் அறை, புள்ளிக்கு ஓர் அறை. ஆகவே உன்னிச்சைக்கு ஒன்பது அறைகள். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் வகுத்த டேஸ்16 குறியாக்கத்தையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. உலக நடைமுறையில் நிலைத்தது ஒருங்குறிதான்.

இனி நம் கதையின் மறுபாதிக்கு வருவோம். என் மருமகன் எனது கோப்புகளைத் திறந்தது ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில். கட்டுரை எழுதவும் நிரல் எழுதவும் பயன்படும் கருவி அது. தோற்றத்தில் கவர்ச்சி ஏதும் இல்லை. வரலாறு மட்டும் சாதாரணமானதன்று.

1976-இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் டெக்கோ என்ற ஒரு தொகுப்பி இருந்தது. அங்கிருந்தவர்கள் தங்கள் தங்கள் வசதிக்கெனச் சிறு ஆணைத் தொகுதிகளை எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவருடையது மற்றவருக்கு விளங்காது. கை ஸ்டீல் என்பவர் அவற்றை ஒன்றுசேர்க்க முனைந்தார். ரிச்சர்ட் ஸ்டோல்மன் அப்பணியை நிறைவேற்றி, ஈமாக்ஸ் என்று பெயரிட்டார். தொகுப்பியாணைகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர். அதைப் பெறுவோருக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார். நீங்கள் செய்யும் மேம்பாடுகளை எல்லோரும் பெறத் திருப்பித் தர வேண்டும் என்பதே அது. 1985-இல் குனு ஈமாக்ஸ் பொதுவில் வெளியாயிற்று. அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியின் ஒரு கிளையில் எழுதப்பட்டது. பயன்படுத்துபவரே அந்த மொழியில் சில வரிகள் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்பியின் போக்கை மாற்றிவிடலாம். அந்தச் சில வரிகளைத்தான் செயற்கூறு என்கிறார்கள். தனக்கென எழுதிய செயற்கூறு பிறருக்கும் உதவும் என்று தோன்றினால் அதை நீட்சிகளின் பொறுப்பாளருக்கு அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் அது எல்லோருடைய கருவியிலும் சேர்ந்துவிடும்.

படுவான்கரையில் பிறந்தவனுக்கு இது புதிய செய்தியன்று. வயற்செய்கை தொடங்குமுன் வாய்க்கால் துப்புரவு செய்ய வேண்டும். ஏக்கர்க் கணக்குக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் வாய்க்காலில் ஒரு பங்கு. அந்தப் பங்கை வெட்டித் திருத்துவது அவரவர் பொறுப்பு. வட்டவிதானை வந்து பார்ப்பார். ஒருவர் தன் பங்கை விட்டுவிட்டால் நீர் அந்த இடத்திலேயே தேங்கி, கீழ்வயல்காரன் வாடுவான். இலங்கையில் இராசகாரிய முறை 1832-இல் ஒழிந்தபோது அதனோடு சேர்ந்து இத்தகைய கூட்டுவேலைகளும் தளர்ந்தன. குளங்கள் தூர்ந்து போவதைக் கண்ட தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், நெற்செய்கை, நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த 1856-இல் ஒரு கட்டளைச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. வாய்க்காலுக்கும் நிரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீரைப் பங்கிட்டால் குறையும், செயற்கூற்றை ஆயிரம் பேர் எடுத்தாலும் குறையாது. ஆனால் பங்கு வேலை செய்யாதவன் விட்ட இடத்தில் தேக்கம் உண்டாவது இரண்டுக்கும் பொது.

தமிழின் பங்கை நாம் எவ்வளவு காலம் விட்டு வைத்திருந்தோம் என்பதற்கு ஈமாக்சிலேயே சான்று இருக்கிறது. அதற்குள் பலமொழி வசதியைக் கொண்டுவந்தவர்கள் யப்பானியர். சுகுபாவிலிருந்த மின்தொழில்நுட்ப ஆய்வுகூடத்தில் கென்இச்சி ஹண்டா என்ற ஆய்வாளரும் தோழர்களும் முதலில் தம் மொழிக்காகவும் பிறகு உலக மொழிகளுக்காகவும் உழைத்தார்கள். மியூல் என்ற அவர்களது ஆக்கம் 1997-இல் ஈமாக்சின் 20ஆம் பதிப்போடு இணைந்தது. அதன்பின் தேவநாகரி, தமிழ் முதலிய எழுத்துகளுக்கான பகுதிகளை எழுதிச் சேர்த்தவர் கவபாடா தைச்சி என்ற மற்றொரு யப்பானியர். தமிழ் உயிர்க்குறிகள் மெய்யோடு எப்படிச் சேர வேண்டும் என்ற விதிகளை, தமிழரல்லாத ஒருவர் அட்டவணை போட்டு எழுதியிருக்கிறார். அக்கோப்பின் தலைப்பில் அவர் பெயரைக் கண்டபோது, நன்றியோடு சிறிது வெட்கமும் அடைந்தேன்.

அந்த அட்டவணையில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ் விசைமுறையைத் தெரிவு செய்துவிட்டு 1978 என்று ஆண்டைத் தட்டினால் ௧௯௭௮ என்று விழும். ஒருங்குறிப் பட்டியலில் தமிழ் எண்கள் இருந்தன. ஆகவே தமிழ் எழுதுபவர் தமிழ் எண்களைத்தான் விரும்புவார் என்று, வெளியிலிருந்து பார்த்தவர் கருதியதில் பிழையில்லை. ஆனால் 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியைப் பற்றி எழுதும் எந்தத் தமிழனும் இன்று அப்படி எழுதுவதில்லை. நம் முன்னோரும் மரபுப்படி அப்படி எழுதவில்லை. அவர்களுக்குப் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. ௲௯௱௭௰௮ என்பதே பழைய முறை. தமிழ்ச் சுழியத்துக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்ததே 2005-இல்தான்.

பல ஆண்டுகள் இந்தக் குறை அப்படியே கிடந்தது. தமிழர் எத்தனை பேர் இடறி விழுந்து, முணுமுணுத்துவிட்டு வேறு கருவிக்குப் போனார்களோ! கடைசியில் திருத்தம் வந்தது. வந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தமிழ் எண்களை எவரும் அழித்துவிடவில்லை. வழக்கமான விசைமுறைகளில் சாதாரண எண்களே விழும்படி செய்து, தமிழ் எண்கள் வேண்டுவோருக்கென அதே விசைமுறைகளை வேறு பெயரில் தனியே வைத்தார்கள். 2023-இல் வந்த 29ஆம் பதிப்பு, தமிழ்99 விசைப்பலகையையும், ஒலிப்பு விதிகளை எழுதுபவரே மாற்றிக்கொள்ளக்கூடிய புதிய விசைமுறையையும் சேர்த்துக்கொண்டது. 1999-இல் சென்னையில் வகுத்த விசைப்பலகை அந்தக் கருவியின் வாசலுக்குள் நுழைய 24 ஆண்டுகள் ஆயின. வேலை கடினமானது என்பதால் தாமதித்ததாகச் சொல்ல முடியாது. அது ஓர் அட்டவணைதான்.

அதே ஆண்டுகளில் தமிழர் வேறு இடங்களில் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தபோது, இலங்கையின் கணினி வல்லுநர்கள் சில நாள்களுக்குள் சகானா என்ற திறமூல அநர்த்த முகாமைத்துவ மென்பொருளைக் கட்டத் தொடங்கினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவதற்கான அக்கருவி, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைப் பெற்றது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்து வருகிறது. எழில் மொழி அறக்கட்டளையினர் உருவாக்கிய ஓப்பன் தமிழ் என்ற நிரல்தொகுதியில், ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு இருக்கிறது. அதனிடம் உன்னிச்சையைக் கொடுத்தால் ஒன்பது என்று சொல்லாது, ஐந்தாகப் பிரித்துத் தரும்.

என் மருமகனும் அதைப் போன்ற ஒன்றை ஈமாக்சுக்காக எழுதினான். தெரிவு செய்த வரியில் உள்ள எழுத்துகளை எண்ண வேண்டும், ஆனால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட வேண்டும். விதி அவ்வளவுதான். 11 வரிகள். என் பழைய ஆசிரியபீடத்து மேசையில் விரல்விட்டு எண்ணியதை ஒரு விசையில் செய்தது. நான் உடனே சோதனையாளனாகிவிட்டேன். 'ஸ்ரீ' என்று தட்டினேன், இரண்டு என்றது. 'பக்ஷி' என்று தட்டினேன், மூன்று என்றது. இரண்டிலும் ஒன்று கூடுதல். கிரந்தக் கூட்டெழுத்துக்கு இன்னும் இரண்டு வரி சேர்த்தான்.

அடுத்து பாமினிக் கோப்புகள். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உண்டு, அவற்றால் பலகாலம் பயனும் பெற்றிருக்கிறோம். ஆனால் அவற்றில் ஒன்றால் மாற்றிய என் 2011ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'வெள்ளம்' என்று நான் எழுதிய இடமெல்லாம் 'வௌ்ளம்' என்று கிடந்தது. 'வெளியேறினர்' என்பது 'வௌியேறினர்' ஆகியிருந்தது. இணையத்தில் ஈழத்துச் செய்தித்தளங்களில் 'வௌியீடு' என்ற விகாரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் தமிழ் தெரியாதவர் என்று நான் பல முறை திட்டியிருக்கிறேன். திட்டு வாங்க வேண்டியவர் அவரல்லர் என்பது அன்றுதான் விளங்கியது.

காரணம் இது. பாமினியில் ஔகாரக் குறிக்கெனத் தனி விசை இல்லை. எகரக் கொம்பு, மெய், அதன்பின் ளகரம் என்று மூன்றைத் தட்டினால் 'வௌ' போலத் தெரியும். வெள்ளத்தின் 'வெள' என்பதற்கும் வௌவாலின் 'வௌ' என்பதற்கும் கோப்பினுள் ஒரே மூன்று குறிகள்தாம். கண்ணால் படிக்கும் மனிதனுக்கு எது எழுத்து, எது குறி என்பது சொல்லைப் பார்த்தவுடன் தெரியும். மாற்றுக் கருவிக்குத் தெரியாது. அந்த மூன்று குறிகளைக் கண்டவுடன் ஔகாரம் என்று முடிவுகட்டிவிடுகிறது.

"இதை எப்பிடி மாமா கணினிக்குச் சொல்லிக் குடுக்கிறது? அகராதி முழுக்கக் குடுக்கேலாதே" என்றான் மருமகன்.

கலைப்பட்டதாரியான எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஒப்புநோக்கிப் பழகிய கண் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, இரு வரிசையாகச் சொற்களை எழுதிக்கொண்டே போனேன். ஒரு பக்கம் வெள்ளம், வெளி, தெளிவு. மறுபக்கம் மௌனம், கௌரவம், பௌத்தம், வௌவால். இருபது சொற்களுக்குள் விதி கண்ணில் பட்டுவிட்டது. ளகரம் உண்மையான எழுத்தாக நிற்குமிடத்தில் அதை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வருகிறது. ஔகாரத்தின் பகுதியாக நிற்குமிடத்தில் அடுத்து வேறொரு மெய்யோ உயிர்மெய்யோ வருகிறது. ஆகவே அவசரப்பட்டு முடிவெடுக்காதே, ளகரத்துக்கு அடுத்த குறியையும் பார்த்துவிட்டு முடிவெடு என்று கணினிக்குச் சொன்னால் போதும்.

இந்த ஒரு நிபந்தனையை அவன் சேர்த்தான். மூன்றே வரிகள். கோப்புகள் மீண்டும் மாறின. முதலில் 'வெள்ளம்' என்று தேடினேன். திரை நிறைய வந்தது. பிறகு 'உன்னிச்சை' என்று தேடினேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. குளத்தின் வான்கதவுகள் திறந்த செய்தி, பாதை அறுந்து படகில் போன உணவுப்பொதிகள், பாடசாலை மண்டபத்தில் குழந்தையோடு இருந்த ஒரு தாய் சொன்ன வார்த்தைகள். அந்த வார்த்தைகளை நான் எழுதினேன் என்பதையே மறந்துவிட்டிருந்தேன். அச்சான பிரதியை எங்கு தேடினாலும் எனக்குக் கிடைத்திராது. அந்தப் பத்திரிகையின் பிரதேசப் பதிப்புகளை முழுமையாகச் சேர்த்து வைத்தவர் எவரையும் நான் அறியேன்.

மருமகன் அந்தச் செயற்கூறுகளை, எழுத்து மாற்றத்துக்கென இருக்கும் ஒரு நீட்சியின் பொறுப்பாளருக்கு அனுப்பி வைத்தான். அவர் தமிழ் அறியாதவர். இரண்டு நாளில் பதில் வந்தது. விதி தவறும் சொற்கள் உண்டா, சோதித்துப் பார்க்கச் சொற்பட்டியல் தர முடியுமா என்று கேட்டிருந்தார். நான் நாற்பது சொற்கள் எழுதிக் கொடுத்தேன். நிரலோடு அந்தப் பட்டியலும் போயிற்று. இனி எவராவது அந்தச் செயற்கூற்றில் கைவைத்தால், முதலில் 'வெள்ளம்' சரியாக வருகிறதா என்று கணினியே பார்த்துக்கொள்ளுமாம்.

ஈமாக்ஸ் பதிவேட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது கணிசமான நிரல் கொடுத்தால், அதன் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். ஏறத்தாழ பதினைந்து வரிக்குள் அடங்கும் திருத்தத்துக்குப் பத்திரம் வேண்டாம். பதிவேட்டில் கொடுத்தவர் பெயரை எழுதி, பக்கத்தில் 'சிறு மாற்றம்' என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பார்கள். ஆண்டுக்கணக்கான அந்தப் பதிவேடுகளைப் புரட்டினால் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பெயர்கள் வரும். ஒரே ஒருமுறை வந்து, ஒரு பிழையைத் திருத்திவிட்டு, பிறகு வராதவர்கள் பலர். நமது ஊர் வாய்க்காலில் பங்கு வெட்டியவர்களின் பெயரை எவர் எழுதி வைத்தார்? இவர்கள் எழுதி வைக்கிறார்கள்.

காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936-இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். துறைதோறும் அறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக ஆக்கினார்கள். 1938-இல் அவை கலைச்சொற்கள் என்ற நூலாயின. இன்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் அறிவியல் தமிழுக்கு அத்தகைய முயற்சிகளே அடித்தளம். அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்ற ஒருவரை அந்த அவைக்கு அனுப்பியது இந்த வாவிக்கரைதான். கணினித் தமிழுக்கு இன்று தேவைப்படுவதும் அதே கூட்டு. நிரல் அறிந்த இளையோர் படுவான்கரையிலும் இருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் வௌவாலுக்கும் வேறுபாடு அறிந்த ஆசிரியர்களும் ஒப்புநோக்குநர்களும் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். இருவரும் ஒரே மேசையில் உட்காருவதுதான் அரிதாக இருக்கிறது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு நெகிழ்வட்டோ இறுவட்டோ கிடக்கலாம். சங்கக் கூட்டக் குறிப்பு, கோயில் மலர், இறந்துபோன தந்தை எழுதிய கட்டுரை என்று ஏதாவது அதில் பாமினியில் உறங்கக்கூடும். வட்டுகள் என்றென்றும் வாழ்வதில்லை. அதை எடுத்து, கணினி தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எழுத்து பிழையாக வரும் இடத்தைச் சுட்டிக் காட்டுங்கள். ஏன் பிழை என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உங்களால் முடியும்.

படுவான்கரைக் குளங்களைப் பற்றிய தொடரை எழுதத் தொடங்கிவிட்டேன். முதற் கட்டுரை உன்னிச்சையைப் பற்றியது. தலைப்பை எண்ணிப் பார்த்தேன். பழைய கணக்கின்படி இரண்டு பத்திக்குச் சரியாக அடங்குகிறது.